திரும்பிப் போய்ச் சொல்கிறவள்

பெண்கள் விடுதியின் சாப்பாட்டு அறையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் இஷ்டம் இருக்காது. அவள் கெட்டவள் இல்லை. யாரையும் புறம் பேசியதும் கிடையாது. அவள் கேட்கிற ஒரு கேள்விதான் காரணம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த பெண்கள் நாங்கள் ஒரு மேசைக்குள் அடங்கிவிடுவோம். ஆனால் ஆளுக்கொரு திசை. ஒருத்தி கோயில் கோயிலாகப் போய் ஓதுவார்கள் பாடும் பண்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பண்ருட்டித் தோப்புகளில் முந்திரி மரத்தைத் துளைக்கிற வண்டைத் தேடி அலைந்தாள். இன்னொருத்தி கிள்ளைப் பக்கம் படகேறிப் போய், சதுப்புக் காட்டில் சேறு படிந்த இலைகளைப் பறித்துக்கொண்டு வருவாள். நான் தமிழ்த்துறை. குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் வீடுகளில் உட்கார்ந்து, தறி சம்பந்தமான சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கம் இன்னும் விதவிதம். நண்டு, நெல், கல்வெட்டு, கிணற்றுத் தண்ணீர் என்று போகும். காலையில் பாசஞ்சர் வண்டியிலோ பஸ்ஸிலோ கிளம்புவோம். சாயங்காலம் பாட்டிலிலோ காகிதத்திலோ எதையாவது நிரப்பிக்கொண்டு திரும்புவோம்.

அக்காவுக்குக் கொசு. விலங்கியல் துறை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். உயரமாக, எலும்பும் தோலுமாக இருப்பாள். கைத்தறிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டியிருப்பாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் டார்ச் லைட், வாயால் உறிஞ்சிக் கொசு பிடிக்கிற கண்ணாடிக் குழாய், வலைத்துணி கட்டிய காகிதக் குவளைகள். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளிடம் படித்த பிள்ளைகள் பண்ருட்டியில் இன்னமும் இருக்கிறார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது. கிடைத்தது ஏன் என்று அப்போது தெரியாது. அன்று காலையில் குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக்காரர் மனைவி எனக்கு நிறையச் சொற்கள் கொடுத்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அளந்துகொண்டிருந்தேன். அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா எவ்ளோ நேரம் உனக்குச் சொல்லிக்கினு இருந்தாங்க?"

"மத்தியானம் வரைக்கும்க்கா. பாவம், அடுப்பைக்கூட அணைச்சிட்டாங்க."

"போன மாசமும் போனல்ல? அப்ப கேட்டதுலேர்ந்து உனக்கு என்னா தெரிஞ்சிதோ, அத இன்னிக்குத் திரும்பிப் போயி சொன்னியா?"

"என்னத்தச் சொல்றது? அதெல்லாம் தீசிஸ்ல வரும்."

"தீசிஸ அவுங்க படிப்பாங்களா?"

இதுதான் அந்தக் கேள்வி. யாரையும் விடமாட்டாள். பண் கேட்கப் போனவளையும் கேட்பாள், வண்டு பிடிக்கப் போனவளையும் கேட்பாள். திட்டுகிற குரல் இல்லை. காப்பி குடித்தாயா என்று கேட்பது மாதிரிதான் இருக்கும். ஆனாலும் கேட்டவுடன் சோறு இறங்காது. அதனால்தான் அவளைச் சுற்றி எப்போதும் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

எனக்கு ரோஷம். அடுத்த தடவை போனபோது அந்த நெசவுக்காரர் மனைவியிடம், "நீங்க தறியில ஓடுற நாடாவுக்குச் சொல்ற பேரை வேற ஊர்ல வேற மாதிரி சொல்றாங்க" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இன்னும் சொல்லு என்றாள். சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் அந்தச் சந்து முழுக்கச் சிரிப்பு. "நம்ம பேச்சு அம்மாம் தூரம் போயி மாறிடுதா!" என்று ஒரு பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் பக்கத்து நாற்காலி என்னுடையது.

ஆனால் எல்லாச் சேதியும் சிரிக்கவைக்கிற சேதி இல்லை.

வேதியியல் துறையில் ஒருவர் கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் எடுத்துவந்து சோதித்தார். குழந்தைகளுக்குக் கொடுக்கத் தகாத தண்ணீர் என்று முடிவு. அக்கா விஷயம் தெரிந்து அவரை மரத்தடியில் நிறுத்திக் கேட்டாள். "என் வேலை உப்பை அளக்கறதுங்க. அதோட சரி" என்று அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே ரயிலேறிப் போய்விட்டாள். திரும்பி வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"தெரியும்ன்னாங்க. நாக்குல வச்சா தெரியாதா, நீ வந்து சொல்லணுமான்னாங்க. நல்ல தண்ணி எங்க இருக்குன்னு சொல்லு, கொடத்தோட வர்றோம்ன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. எனக்குத் தெரியலன்னேன்." நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆனா ஒரு அம்மா சொன்னாங்கடி, எல்லாரும் எடுத்துக்கினுதான் போனாங்க, நீதான் திரும்பி வந்தன்னு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த திருப்தி எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. தண்ணீர் அப்படியேதானே இருக்கிறது? சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைக் குலைக்கிற மாதிரி அதுவரை எதுவும் நடக்கவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவைப் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். தினமும் காலையில் பெரிய டாக்டர் ஒருவர் மாணவர்களோடு வருவார். அப்பாவின் வயிற்றை ஒவ்வொருவராக அமுக்கிப் பார்ப்பார்கள். இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

"அம்மா தினமும் ஓடிப்போயி கேப்பாங்க. பாத்துக்கினு இருக்கோம்மா, பாத்துக்கினு இருக்கோம்மான்னு சொல்லுவாங்க. அப்பா போயிட்டாரு. என்னா நோவுன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஊர்ல கேட்டவங்ககிட்டல்லாம் வயித்து நோவுன்னு சொன்னோம். அந்தப் பையனுங்க அத்தினி பேருக்கும் தெரியும். எழுதிக்கூட வச்சிருப்பானுங்க."

வண்டி வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அக்காவின் ஆராய்ச்சி கடலூர் முதுநகரில். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அந்தக் காலத்தில் யானைக்கால் நோய் உண்டு. கொசு ஒருவரைக் கடிக்கும்போது நோய்ப்புழு அதன் உடம்புக்குள் போய் வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது அவர் உடம்பில் இறங்கும். எந்தெந்த வீட்டில் பிடிக்கிற கொசுவில் புழு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. காலையில் வீடு வீடாகப் போவாள். கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கொசுவைக் குவளைக்குள் ஊதிவிடுவாள். பிறகு துறைக்கு வந்து ஊசியால் அதைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். தெருவில் அவளுக்குக் கொசுக்காரம்மா என்று பெயர்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொசு அக்கா என்று கூப்பிட்டார்கள். அது மைமூன் வீடு. வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் உம்மாவும் மைமூனும்தான். மைமூனுக்குப் பரங்கிப்பேட்டையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளையும் கடல் கடந்து சபர் போய்ச் சம்பாதிக்கிறவர். வாப்பா வந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. நான் இரண்டு தடவை அக்காவோடு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மைமூன் வாயாடி. அக்கா குவளையைப் பையில் வைக்கும்போதெல்லாம், "எங்க வூட்டுக் கொசு என்னா சொல்லுதுன்னு அடுத்த வாரம் வந்து சொல்லணும், ஆமா" என்பாள். அக்காவுக்கு அது தேனாக இனிக்கும். கேட்டு வாங்குகிற ஒரே ஆள் அவள்தானே.

ஒரு வாரம் அந்த வீட்டுக் கொசுவில் புழு இருந்தது. அந்தச் சந்தில் வேறு எந்த வீட்டிலும் இல்லை.

அக்காவின் பேராசிரியர் நல்ல மனிதர். "வீடு வீடாச் சொல்லாதம்மா. தெருவுக்குப் பொதுவாச் சொல்லு. கொசு எங்கயோ கடிச்சிட்டு எங்கயோ வந்து உக்காரும். உனக்குத் தெரியாததா?" என்றார்.

"தெருவுலயா சார் பிடிச்சேன்? வீட்டுக்குள்ள போயி, அவுங்க துணிய வெலக்கி இல்ல பிடிச்சேன்" என்றாள் அக்கா.

அவர் வகுப்புக்கு எழுந்து போனார்.

அக்கா போய்ச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். இதனால் உங்களுக்கு நோய் என்று அர்த்தமில்லை, இந்தத் தெருவில் யாரோ ஒருவர் ரத்தத்தில் புழு இருக்கிறது, எல்லோருமே ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது, வாசல் சாக்கடையில் தண்ணீர் நிற்க விடாதீர்கள் என்று நிதானமாக விளக்கினாள். உம்மா முகம் சுருங்கிவிட்டது. மைமூன் மட்டும், "எங்க வூட்டுக் கொசு பொல்லாதது" என்று சிரித்தாளாம். அதோடு விட்டிருந்தால் அந்த நாலு சுவருக்குள் இருந்திருக்கும். அக்கா முனிசிபாலிட்டிக்கும் போனாள். அந்த வீட்டுச் சாக்கடைக்கு மருந்தடிக்க வேண்டும் என்று விடாமல் கேட்டாள். அவர்களும் ஆள் அனுப்பினார்கள். பட்டப்பகலில், தோளில் டின்னைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் சந்தில் மற்ற வீடுகளையெல்லாம் தாண்டிப் போய் மைமூன் வீட்டு வாசலில் மட்டும் கொசு எண்ணெய் அடித்துவிட்டுப் போனார்கள்.

சந்தில் பார்க்காதவர்கள் இல்லை. என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு அந்த ஆட்களே, "யானைக்காலு கேசும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே பரங்கிப்பேட்டைக்குச் சேதி போய்விட்டது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். தள்ளிப்போடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மைமூனின் உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தனியாக ரயிலேறி எங்கள் விடுதிக்கு வந்தாள். அந்த அம்மாள் அப்படித் தனியாக வெளியூர் போனதே அதுதான் முதல் தடவையாக இருக்கும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை.

"நோவு இல்லன்னுதான நீ சொன்ன?"

"கொசுவுலதான் இருக்குன்னு சொன்னேம்மா. மைமூனுக்கு இருக்குன்னு சொல்லவே இல்ல."

"ஊரு அப்புடியா கேக்குது? நீ சொன்னத ஊரு கேட்டுக்கிச்சு. இப்ப என் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு நீயே வந்து அவுங்ககிட்ட சொல்லு. படிச்ச பொண்ணு சொன்னா கேப்பாங்க."

"ரத்தம் பாத்துட்டுச் சொல்றேம்மா. பாக்காம எப்டி சொல்றது?"

அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும். அதனால் அக்கா ஒரு நாள் அந்த வீட்டிலேயே தங்கி, மைமூன் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. சுத்தமாகத்தான் இருக்கும், போய்ச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே துறைக்குப் போனாள்.

மத்தியானம் நான் அவளைத் தேடிக்கொண்டு போனபோது மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாரு" என்றாள். எனக்கு என்ன தெரியும்? கண்ணை வைத்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு நூல் சுருண்டு கிடந்தது.

"இதுதானா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"கால் வீங்கிடுமாக்கா?"

"எல்லாருக்கும் வீங்காது. நெறைய பேருக்கு ஒண்ணுமே ஆகாது. மாத்திரை இருக்கு, ஒழுங்காச் சாப்ட்டா போயிடும். ஆனா இத நான் எப்டி சொல்றது? சொன்னா எது காதுல விழும்? இருக்குங்கறது மட்டும்தான விழும்."

அவள் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

உம்மா மறுபடி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா விடுதிக்குள்ளிருந்து வெளியே போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மாள் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாவுக்காகச் சொல்லு புள்ள. ஒண்ணுமில்லதான?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்காகப் பார்த்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

உம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, ரத்தம் கொஞ்சம் குறைச்சலா இருக்கு, சத்து மாத்திரை தர்றேன், விடாம குடுக்கணும், முதல்ல ரெண்டு நாள் காய்ச்சல் மாதிரி இருக்கும், பயப்படாதீங்க என்றாள். உண்மையில் அது புழுவுக்கான மாத்திரை. அதை டவுனில் ஒரு டாக்டரிடம், பெயர் சொல்லாமல், தனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

மறுநாள் பரங்கிப்பேட்டைக்குப் போனோம். உம்மாவும் கூட வந்தாள். மாப்பிள்ளையின் பெரியவாப்பா கூடத்தில் ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள் நின்றிருப்பது கால்களிலிருந்து தெரிந்தது. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை ஊர் விஷயம்தான் பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்கம்மா. எனக்கு அதெல்லாம் வாணாம். நீங்க படிச்சவங்க, பாத்தவங்க. உங்க வாயால சொல்லுங்க. பொண்ணு சொகமா இருக்கா?"

"சொகமா இருக்காங்க" என்றாள் அக்கா.

"ரத்தத்துல ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பெரியவர். உள்ளே திரும்பி, "கேட்டுக்கிட்டீங்கதான?" என்றார். அவ்வளவுதான். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கிள்ளை தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள்.

"ஒடனே நம்பிட்டாருடி. வேற ஒரு கேள்விகூடக் கேக்கல."

அந்த வருஷமே மைமூனுக்கு நிக்காஹ் நடந்தது. அதற்கு முன்னால், மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் ஆனதும் அக்கா முதுநகருக்குப் போனாள். நானும் போனேன். கதவைப் பாதி திறந்து உம்மாதான் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மாத்திரை சாப்புடறாளாம்மா?"

"எங்க சாப்புடறது? காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. புள்ள தொவண்டுட்டா. நிறுத்திட்டேன்."

"நிறுத்தக் கூடாதும்மா. காய்ச்சல் வரும்னு சொன்னேனே. அது போயிடும். மறுபடி குடுங்க."

"எதுக்கு? ஒண்ணுமில்லன்னு நீதான சொன்ன? ஒண்ணுமில்லாத புள்ளைக்கு எதுக்கு மாத்திரை?"

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். உம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனிமே நீ இங்க வர்றது நல்லால்ல. தெரு பாக்குது. கல்யாண வூடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மைமூன் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா அந்த வாசலிலேயே நின்றாள். மறுபடி கதவைத் தட்டி உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாமல் போனால் மாத்திரை நிற்கும். சந்தில் ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. பண் கேட்கிறவளும் வண்டு பிடிக்கிறவளும் முதலில் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு நிம்மதியாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவளைச் சுற்றிக் காலி நாற்காலியே இல்லை. அவள்தான் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

தீசிஸ் முக்கால்வாசி எழுதி முடித்திருந்தாள். கொசுவில் புழு இருந்த வீட்டில் யார் ரத்தத்திலாவது புழு உண்டா என்ற அட்டவணை மட்டும் பாக்கி. மைமூனைச் சேர்த்தால் தான் சொன்னது பொய் என்று தானே எழுதிவைத்த மாதிரி. சேர்க்காவிட்டால் ஆராய்ச்சியே பொய். பேராசிரியர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். பெயரா போடப்போகிறோம், வெறும் எண்தானே என்றார். அவள் கேட்கவில்லை. ஒரு நாள் நான் குறிஞ்சிப்பாடியிலிருந்து திரும்பியபோது அவள் கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. பண்ருட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு முடிந்தபோதெல்லாம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு இருந்தாள். மற்ற எதைப் பற்றியும் பேசுவாள், முதுநகரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். ஆனால் தெருவில் நடக்கும்போது அவள் பார்வை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். வருகிற பெண்கள் எல்லோருடைய கால்களையும் பார்ப்பாள். வீங்கிய கால் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்று முழுக்கப் பேச்சே இருக்காது. அந்த நோய் ஆற அமர வரும். வருவதானால் பல வருஷம் கழித்துத்தான் வரும். அது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

நான் கடலூரில் கல்லூரி வேலைக்கு வந்து சில வருஷம் ஆனபின், மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையில் மைமூனைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்து பெண் குழந்தைக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சதைபோட்டிருந்தாள். அதே வாய். கடைக்காரப் பையனைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து நின்று துணியை இடுப்பில் வைத்துப் பார்த்தபோது நான் குனிந்து கால்களைப் பார்த்தேன். இரண்டும் ஒல்லியாக, சின்னப் பெண் கால் மாதிரி இருந்தன. கொலுசு தளர்ந்து கணுக்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க கொசு அக்காகூட வருவீங்கல்ல? அவுங்க எப்டி இருக்காங்க?" நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "உம்மா மவுத்தாகிற வரைக்கும் அவுங்களத் திட்டிக்கினுதான் இருந்தாங்க. இல்லாத நோவ இருக்குன்னு கெளப்பிவுட்டு என் கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தாங்கல்ல? அப்புறம் அவுங்களே ஒண்ணுமில்லன்னு வந்து சொன்னாங்க. அதுவரைக்கும் நாங்க பட்ட பாடு! நான் திட்டமாட்டேன். ஆனா எனக்கும் மனசுல இருக்கு. படிச்சவங்க அப்டி அவசரப்படக் கூடாதுங்க."

"நீங்க சொகமா இருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கென்ன? மூணு புள்ள. ஒரு தலைவலின்னு படுத்ததில்ல" என்று சிரித்துவிட்டு மறுபடி கடைக்காரப் பையன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே பண்ருட்டிக்குப் போனேன். பலாப்பழக் காலம். பஸ் நிலையத்தைச் சுற்றி லாரியும் பழமுமாக நடக்க இடமில்லை. பள்ளிக்கூடத்தில் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. எதிரே உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, மைமூனைப் பாத்தேன். நல்லா இருக்கா. காலையும் பாத்தேன். ஒண்ணுமில்ல."

பேனாவை மூடினாள். விடைத்தாள்களை அடுக்கக் குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் ஒன்றுமில்லை.

"எனக்காகச் சொல்றியா?"

"இல்லக்கா. கண்ணால பாத்தேன். சத்தியமா."

"சத்தியம் பண்ணாத." குரல் உயரவில்லை. "நானும் இப்டித்தான் அந்தப் பெரியவர் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். இதே மாதிரி, கண்ணு கொட்டாம."

"வாங்க, கூட்டிக்கினு போறேன். மஞ்சக்குப்பத்துலதான் இருக்காளாம். நீங்களே பாத்துக்கலாம்."

"பாத்து? எங்கிட்ட என்னா கேப்பா? நான் என்னா சொல்லுவேன்?"

உம்மா சாகிறவரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை. அதை மறைத்தது என் முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எதை என்றுதான் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டாள். சாயங்காலம் பஸ் நிலையம்வரை கூடவே வந்தாள். வழியில் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னாள், நானும் என் கல்லூரிக் கதைகளைச் சொன்னேன். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர ஆரம்பித்தபோது அக்கா கூடவே நாலடி நடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு காலையும் பாத்தியா?"

"ரெண்டையும் பாத்தேன்க்கா. ரெண்டுமே நல்லா இருக்கு."

எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கம்பியை விட்டுவிட்டு, பழ லாரிகளுக்கு நடுவே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் திரும்பும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் சொன்னது பொய்தானா என்று தேடிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.